இல்லாத கழகத்தின் செயலாளர்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்குச் சுரங்கப்பாதை மேல் பைத்தியம் பிடித்தது. எங்கள் வகுப்பில் பேச ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். திருச்சிக்காரர். ரயில் ஓடுவதற்காகப் பூமியைக் குடைகிற வேலை. அவர் பேசி முடித்தபோது என் கால் தரையில் பாவவில்லை. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டில் அப்பா பேருந்து ஓட்டுகிறார், அம்மா பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறார். இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைவது என்று கேட்க எனக்கு ஒரு ஆள்கூடத் தெரியாது. வழிகாட்டி என்றால் இவர்தான், வேறு யாரும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்த மின்னஞ்சல்கள் எல்லாம் வங்கி அனுப்பியதைப் போல இருந்தன. "எல்லாரும் இங்கிலீஷ்லதான் அனுப்புவாங்க லா. நீ தமிழ்ல எழுது, அப்பதான் நோட்டீஸ் பண்ணுவாங்க," என்றாள் தோழி. எழுதினேன். பத்தே நிமிடம், கை தானாக ஓடியது. திரும்பிக்கூடப் படிக்காமல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: 'மிக்க மகிழ்ச்சி. கண்டிப்பாக வருகிறேன்.' கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

சனிக்கிழமை காலை, ஃபேரர் பார்க்கில் நான் சொல்லியிருந்த சாப்பாட்டுக் கடைக்கு அவர் பட்டுப்புடவையில் வந்து நின்றார். தோளில் மடிக்கணினி. எழுந்து வணக்கம் சொன்னேன்.

"மாடிலயா கூட்டம்? மத்தவங்கல்லாம் எங்க?"

"எந்தக் கூட்டம், மேடம்?"

அவர் தொலைபேசியில் என் மின்னஞ்சலைத் திறந்து நீட்டினார். வாங்கிப் படித்தேன். பள்ளியில் தமிழ்த் தேர்வுக்காக நான் எழுதிப் பழகிய அத்தனை மின்னஞ்சல்களையும் எழுதியவர் ஒருவர்தான்: தமிழ்மொழிக் கழகச் செயலாளர். தேர்வில் சொந்தப் பெயர் எழுதக்கூடாது; அந்தச் செயலாளராகத்தான் எழுத வேண்டும். பிரமுகரைப் பேச அழைக்க வேண்டும். 'தங்கள் வருகையை எங்கள் கழகத்தினர் ஆவலுடன் எதிர்பார்க்கின்றனர்' என்று முடிக்க வேண்டும். அப்படியே முடித்திருந்தேன். வேறு மாதிரி எனக்கு எழுதத் தெரியாது.

"கழகமெல்லாம் இல்ல, மேடம். நான் மட்டும்தான். வேலையப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்னு..."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்த ஒரே வாய்ப்பையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். தன் புடவையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தோசையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நாலு நாள் உக்காந்து ரெடி பண்ணிருக்கேன். கேட்டுட்டுத்தான் நீ போகணும்," என்று சாம்பார் வாளியை நகர்த்தி மடிக்கணினியைத் திறந்தார். ஒவ்வொரு படத்துக்கும் நான் கேள்வி கேட்டேன். பூமிக்கு அடியில் பயமாக இருக்காதா, பெண்கள் எத்தனை பேர், கணக்கில் நான் சுமார்தான், பரவாயில்லையா. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. மறுபடி சந்திக்கலாமா என்பதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. இப்படி வரவழைத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

அவர் கிளம்பும்போது தொலைபேசி ஒலித்தது. திருச்சியிலிருந்து அவருடைய அம்மா. கூட்டம் எப்படிப் போனது என்று அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது.

"நல்லா நடந்துச்சும்மா," என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. "கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லி ஒரே தொந்தரவு. சரின்னுட்டேன்."