ரோகிணியில் பிறந்த இணைய முகவரி

மொரீஷியஸ் கடற்கரையெங்கும் ஓட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ரோஸ் ஹில்லில் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பெல் ஒம்ப்ரில் விடுதி நடத்திய செல்வி அக்கா ஆசையாகத் தேர்ந்தெடுத்த இணைய முகவரியைப் பதிவு செய்தபோது, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அவர் வேறு ஆளிடம் போய்விடக் கூடாதே!

மறுநாள் என்னைக் கோவிலுக்கு அழைத்துப்போய், அந்த முகவரியின் பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொன்னார்.

குருக்கள் விழித்தார். "யாரும்மா இது? நட்சத்திரம்?"

"நேத்து பொறந்துச்சு, சாமி. மோ ஸான்ஃபான், எம்பிள்ள. ஆயோ தம்பி, நேத்து என்ன நட்சத்திரம்?"

குருக்கள் சிரித்துக்கொண்டே பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ரோகிணி" என்றார்.

கற்பூரத்தை ஒற்றிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. நேரே அலுவலகம் போய் உரிமையாளர் பெயரை மாற்றினேன்.

அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆண்டுதோறும் அந்த ரோகிணிக்கு எனக்குப் பிரசாதம் வந்துவிடுகிறது. வாங்கும்போது கை கூசுகிறது.