மஞ்சளுக்கு விட்ட மூலைகள்

பம்மலில் உள்ள கிறிஸ்டியின் ஸ்கிரீன் பிரிண்டிங் கூடத்தில் திருமணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்களில் பாதிப் பேராவது ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“மூலையெல்லாம் காலியா இருக்கே மேடம், ஒரு பூ போடலாமே?”

“நடுவுல என்ன வேணா கேளுங்க சார். மூலையை மட்டும் கேக்காதீங்க” என்று சிரித்தபடியே அவள் மறுத்துவிடுவாள். அந்த மறுப்புக்குப் பின்னால், அவள் இளமையில் தாம்பரத்தில் நடந்த ஒரு கல்யாணம் இருக்கிறது.

கல்லூரியின் இறுதியாண்டில், சபை வாலிபர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு டி-ஷர்ட் அடித்து வாங்க நண்பர்களோடு இதே பம்மலுக்கு வந்தாள். அங்கே ஒருவர் டி-ஷர்ட்டின்மேல் மரச்சட்டம் ஒன்றை வைத்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த மெல்லிய துணியில் மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தார். சட்டத்தைத் தூக்கினால், வானத்திலிருந்து இறங்கி உட்கார்ந்ததுபோல் ஒரு நட்சத்திரம்! நண்பர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசிச் சட்டை முடியும்வரை கிறிஸ்டி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அதன்பின் வீட்டுக் குளியலறை இருட்டறை ஆயிற்று. துணியில் பூசும் பசை வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் என்பதால், கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு, சிவப்பு பல்பின் அடியில் அவள் பசை பூசுவாள். வெளியே, பள்ளி ஆசிரியரான அப்பா ஐசக் தோளில் துண்டோடு நிற்பார்.

“கிறிஸ்டி, ஸ்கூல்ல பெல் அடிச்சுடுவாங்கம்மா!”

“தொறந்தா எல்லாம் போச்சுப்பா. இதோ, காஞ்சிரும்!”

“அப்போ நான் எங்க போய்க் குளிக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் குழாய்லயா?”

மகளுக்கு வங்கி வேலை அமைய வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டப்படிப்பு முடிந்ததும் வங்கித் தேர்வுப் பயிற்சிக்கு இடமும் பிடித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் அடுத்த வீட்டுப் பட்டாபிராமனின் மகள் சுப்ரஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. “என் பத்திரிகையை கிறிஸ்டிதான் அடிக்கணும்” என்று சிநேகிதி ஒற்றைக் காலில் நின்றாள்.

ஐசக் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: “சரி. இந்த ஒரு வேலையைக் குறையில்லாம முடிச்சுக் காட்டு, அப்புறம் உன் இஷ்டம். சொதப்பினா மறுபேச்சு இல்லாம கோச்சிங்.”

கிறிஸ்டி உயிரைக் கொடுத்து உழைத்தாள். உச்சியில் பிள்ளையார், நான்கு மூலையிலும் அடுக்கடுக்காக விரிந்த சிவப்புத் தாமரை. எண்ணெய் மையின் நெடி ஆஸ்துமாக்காரியான அம்மா சரோஜினிக்கு ஆகாது என்று, டி-ஷர்ட்டுக்கு வாங்கிய தண்ணீர் மையையே காகிதத்துக்கும் பயன்படுத்தினாள். சட்டை என்றால் இஸ்திரி போட்டதும் அந்த மை கெட்டிப்பட்டுவிடும்; பத்திரிகைக்கு யார் இஸ்திரி போடுவார்கள்?

பத்திரிகைக் கட்டைச் சாமிக்கு முன் வைத்தார்கள். சுப்ரஜாவின் அம்மா நாகலக்ஷ்மி மஞ்சளைக் குழைத்து, வழக்கப்படி முதல் பத்திரிகையின் மூலைகளில் விரலால் தொட்டு வைத்தாள். தொட்ட தாமரை கரைந்து, சேற்றில் விழுந்த பூவாகி, மாப்பிள்ளையின் பெயர்வரை ஒழுகியது. மாமியின் முகம் வெளுத்தது.

“ஏண்டி, இத்தனை வருஷமா எங்காத்துப் பத்திரிகை எல்லாம் உங்காத்துக்கும் வந்திண்டிருக்கே. மூலையிலே மஞ்சள் தடவுவோம்னு தெரியாதா நோக்கு?”

“பாத்திருக்கேன் மாமி” என்றாள் கிறிஸ்டி, அழுகையை அடக்கிக்கொண்டு. “அதை... அதைப் பிரஸ்லயே வச்சுக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்.”

முதலில் பட்டாபிராமன் வெடித்துச் சிரித்தார். பிறகு சுப்ரஜா. கடைசியில், சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்த மாமியும் தோற்றுப்போனாள்.

“போறது, வேற அடிச்சுக் குடு. உங்கம்மாவுக்கு நெடி ஆகாதுன்னா எங்காத்து மொட்டைமாடியிலே அடிச்சுக்கோ.”

வீட்டில் ஐசக் சிரிக்கவில்லை. “பேசின பேச்சு ஞாபகம் இருக்கா?”

“இருக்குப்பா. திங்கட்கிழமை கோச்சிங் போயிடறேன். ஆனா இதை மட்டும் சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன்.”

மூலைகளை வெறுமையாக விட்டு, கண்ணாடித் தாளில் கறுப்பு மையால் புதிய படம் வரைந்தாள். பசை பூசிய சட்டத்தோடு அதைச் சேர்த்து மொட்டைமாடி வெயிலில் காட்டினாள். கழுவுவதற்குச் சட்டத்தை இரு கையாலும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்ததால், தண்ணீர்க் குழாயைப் பிடிக்க ஆளில்லை. சனிக்கிழமை விடுமுறையில் இருந்த ஐசக்கைத்தான் கூப்பிட்டாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேண்டாவெறுப்பாகத் தண்ணீரை அடித்தார். கறுப்புக் கோடு மறைத்த இடங்களில் மட்டும் பசை கரைந்தது. மூடிக் கிடந்த துணியில் வெளிச்சம் ஒரு கோடாக வளைந்து இறங்கியது.

“ஏ... தும்பிக்கை வருது பாரு!” என்று கத்தினார் ஐசக். “இரு இரு, ஆட்டாதே. காதும் வருது!”

முழுப் பிள்ளையாரும் வரும்வரை அவர் குழாயைக் கீழே வைக்கவில்லை. கால்சட்டை நனைந்த சிறுவனைப்போல் வேட்டியோடு நின்றார்.

எண்ணெய் மையில் அடித்த பத்திரிகைகள் ஞாயிற்றுக்கிழமை மாலை காய்ந்து தயாராயின. மாமி மஞ்சளைத் தொட்டு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெற்றுமூலையில் மஞ்சள் மட்டும் அழகாக உட்கார்ந்திருந்தது. தடவிய விரலைக் கிறிஸ்டியின் கன்னத்தில் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல் கிறிஸ்டி பயிற்சி வகுப்புக்குப் பையை எடுத்துவைத்தாள். குளிக்கப் போனால், ஈரத்தலையும் நெற்றியில் வழியும் நீருமாக அப்பா நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் குளித்து அவள் பார்த்ததே இல்லை.

“என்னப்பா, இவ்ளோ சீக்கிரம்?”

ஐசக் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இனிமே நான் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சிடுவேன். பாத்ரூம் உனக்குத்தான். பையை உள்ள வை.”