பெரட்டில் முப்பத்தொன்று

சிவானந்தம் அதைப் பெரட்டில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஆபீசுக்குள் சொல்லியிருந்தால் குகன் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. காலை ஆறு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலில், சாமான் சப்ளை செய்யும் கம்பெனியின் சிவானந்தம் ஒரு யூ.எஸ்.பி. மோடத்தை உயரத் தூக்கிக் காட்டினார்.

"லயத்துப் பயகிட்ட கம்ப்யூட்டரக் குடுத்தா இப்படித்தான்லா. கருக்கிட்டான்."

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன்கூடச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் குகனின் அம்மா லோகேஸ்வரி, உதிரிப் பழம் பொறுக்கும் சாக்கை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

குகன் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், அதே லயத்தில் பிறந்தவன். டிப்ளோமா முடித்துவிட்டு அதே தோட்டத்துக்குச் ஆபீஸ் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகத் திரும்பி வந்தவன். எடைமேடையின் பழைய கணினியில் விண்டோஸ் இழுத்துக்கொண்டு கிடக்கிறதென்று மேனேஜர் டக்ளஸ்தான் லினக்ஸ் போடச் சொன்னார். போட்ட நாளிலிருந்து மோடம் எழும்பவில்லை. லோரிகளின் எடை தலைமை ஆபீசுக்குப் போகவில்லை. "திங்கக்கிழமை புது மோடம் வருது. நீ ரேம்ப்ல பழம் ஏத்தற பக்கம் போயிரு," என்றார் டக்ளஸ்.

சிவானந்தம் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் போன மோடத்தைக் குகன் எடுத்து, டைப்பிஸ்ட் வெரோனிக்காவின் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

"கருகிப்போச்சுன்னாரு?"

"பொய்க்கா. ரெண்டு நாளைக்கு இதக் குடுங்க."

"வைரஸ் வந்துச்சு, உன் தலதான் உருளும்."

கணினியும் மோடமும் கம்பி வழியாகப் பேசிக்கொள்வதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்யும் மென்பொருள் உண்டு. குகன் அதை இரண்டு கணினியிலும் ஓடவிட்டு, பதிவுகளை அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். சனியும் ஞாயிறும் இரவு பகலாக விரல் வைத்து வரி வரியாக இறங்கினான். ஒவ்வொரு வரிக்கும் சிவானந்தத்தின் சிரிப்பு காதில் விழுந்தது. அது நல்லதுக்குத்தான். தூக்கம் வரவில்லை.

இரண்டு தாளிலும் மோடம் முதலில் தன்னை ஒரு சி.டி. டிரைவ் என்றுதான் சொல்லிக்கொண்டது. லினக்ஸ் அதை அப்படியே நம்பிவிட்டது. விண்டோஸ் நம்பவில்லை, முப்பத்தொரு பைட்டில், வெறும் எண்களாக ஒரு செய்தி அனுப்பியது. உடனே மோடம் ஒருமுறை செத்து, வேறு பேரில், மோடமாகவே எழுந்து வந்தது. சரியான பேரில் கூப்பிட்டால்தான் வரிசையை விட்டு முன்னால் வரும் ஆள்.

திங்கட்கிழமை சிவானந்தத்தின் புது மோடமும் எழும்பவில்லை. குகன் எடைமேடைக் கணினியில் 'கருகிய' மோடத்தைச் செருகி, அந்தச் செய்தியை அனுப்பினான். பச்சை. டக்ளஸ் தொண்டையைச் செருமி, "ரேம்ப் வேணாம், இங்கயே இரு," என்றார். வேலை திரும்பிவிட்டது. திடலில் சொன்ன சொல் திரும்பவில்லை.

வியாழக்கிழமை சிவானந்தம் கைப்பேசியில் கூப்பிட்டார். சுங்கை பஞ்சாங் நெல் ஆலையிலும் அதே கோளாறாம்.

"தம்பி, அந்த நம்பர வாட்ஸாப்ல தட்டி விடு லா."

"நீங்க அன்னிக்கு வாட்ஸாப்ல சொல்லலியே அண்ணே. பெரட்டுக்கு வாங்க. தாளும் பேனாவும் எடுத்துக்கிட்டு."

வந்தார். குகன் மண்டோரின் மேடைக்கல்லில் ஏறி நின்று, உடையப்பன் பேர் கூப்பிடும் அதே ராகத்தில் ஆரம்பித்தான். சத்தமாக அவன் பேசி அந்தத் திடல் கேட்டதே இல்லை.

"மொத்தம் முப்பத்தொண்ணு. அஞ்சு அஞ்சு. அஞ்சு மூணு. நாலு ரெண்டு. நாலு மூணு."

சிவானந்தம் தொடை மேல் தாளை வைத்து எழுதினார். எட்டு ஜோடிக்குப் பிறகு வெறும் பூஜ்ஜியங்கள்.

"கோசோங் கோசோங். கோசோங் கோசோங்."

இந்தோனேசிய ஆட்களுக்கு அந்தச் சொல் மட்டும் விளங்கியது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு முன்வரிசைக்கு வந்தது. லோகேஸ்வரியின் சாக்கு விரிந்தபடியே தோளில் கிடந்தது.

"எத்தன கோசோங் தம்பி சொன்ன?"

குகன் நிறுத்தினான்.

"உங்க மோடம் யாரால கெட்டுச்சுண்ணே?"

சிவானந்தம் வரிசைகளைப் பார்த்தார். "கெடல," என்றார் மெதுவாக. "குகன் கெடுக்கல."

"பின்வரிசைக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னார்.

"சரிண்ணே. எண்ணிக்கையத் தப்ப விட்டுட்டீங்க. மொதல்லேர்ந்து வருவோம். அஞ்சு அஞ்சு."