இறுப்பிட்டியைத் தாண்டிய நித்திரை

எங்கள் தீவுப் பாதையில் ஓடும் பஸ்ஸுக்கு பிரேக் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. பாட்டு அலறாத பஸ்ஸில் சனம் ஏறாது. அம்மாவின் தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு மினிபஸ் ஓட்டினார். பஸ் வருமுன்னே அவருடைய பாட்டு வந்துவிடும். அவருக்குப் பெண் பார்த்துப் பார்த்து அம்மா களைத்துப்போயிருந்த காலம் அது.

பள்ளிக்கூடம் விட்டு நான் அதில்தான் வீடு திரும்புவேன். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து நேர்ஸ் அக்கா ஒருவரும் ஏறுவார். இறுப்பிட்டியில் இறங்குவார். ஒருநாள் அவர், "அண்ணை, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ? தலை வெடிக்குது" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் மாமா இன்னும் கூட்டியிருப்பார். அதற்குப் பிறகு அந்த அக்கா அவரை அண்ணை என்று கூப்பிட்ட நினைவும் எனக்கு இல்லை.

மறுநாள் பஸ்ஸில் புதிய சீடி. பிரான்சிலிருந்து வந்த கூட்டாளி விட்டுப்போனதாம். ஒரு பெண் இங்கிலீசில், பக்கத்து சீற்றிலிருந்து காதுக்குள் கதை சொல்வதுபோல் பாடினார். பின்னால் மேளக்காரர் மேளத்தை அடிக்காமல் தூசு துடைப்பதுபோல் ஒரு உரசல் சத்தம். மாமாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் தலையை ஆட்டினார்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்குத் தடிமனோ, மூக்கடைப்போ? தொண்டையைத் திறந்து பாடச் சொல்லு" என்றார் மீன் கடகப்பெட்டியோடு ஏறிய ஒரு அம்மா. சொன்ன வாய் மூடுமுன் அவரே நித்திரையாகிவிட்டார். புங்குடுதீவுப் பாலத்தில் கடற்காற்றும் சேர, பஸ் முழுவதும் தூங்கி வழிந்தது. எனக்கோ அந்தப் பாட்டு முடியவே கூடாதென்று இருந்தது.

நேர்ஸ் அக்காவும் நித்திரை. இறுப்பிட்டி போய்விட்டது. குறிகட்டுவானில் கண்விழித்து "ஐயோ" என்றார். மாமா திரும்பும்போது காசு வாங்காமல் கொண்டுபோய் இறக்கினார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். பாவமாக இருந்தது. ஒருநாள் நேரத்தோடு அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். "அக்கா, எழும்புங்கோ, உங்கட இடம் வந்திட்டுது!" இறங்கிப் போனார், ஒரு நன்றிகூட இல்லை. வழமையாக வாங்கித் தரும் ஐஸ்பழத்தை மாமா அன்று வாங்கித் தரவில்லை. நல்லதுக்குக் காலமில்லை.

அம்மாவிடம் முறையிட்டேன். "அந்த அக்காவுக்கு ஏதோ வருத்தம் அம்மா, மருந்து எடுக்கோணும். ஒவ்வொரு நாளும் நித்திரை. நித்திரையிலயும் விரலால தாளம் போடுறா."

"மாமா என்ன செய்யிறவர்?"

"கண்ணாடியில அவவைப் பாத்துப் பாத்து ஓட்டுறவர்."

அம்மா அகப்பையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "நித்திரை கொள்ளுறவளை எழுப்பலாம் பிள்ளை, மற்றவளை ஏலாது."

அந்த வெள்ளிக்கிழமையே அம்மாவும் அப்பாவும் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு இறுப்பிட்டிக்குப் போனார்கள். வருத்தத்தை வீட்டாருக்கு அறிவிக்கத்தான் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை அக்கா முன் சீற்றில் இருந்தார். அதே பாட்டு. கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. அப்பாடா, வருத்தம் மாறிவிட்டது என்று நினைத்தேன். இறுப்பிட்டியில் பஸ் நின்றது. அக்கா தன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அசையவில்லை. பஸ் புறப்பட்டது. கண்ணை முழித்துக்கொண்டே இறங்க மறக்கிறாரே, வருத்தம் முற்றிவிட்டது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.