இடப்பக்க ஸ்பீக்கர்

என் அக்கா ஜேனைக் கட்டிய வால்டர் அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மைசூரில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இருமல் வந்தால் நெஞ்சு நோய் வந்துவிட்டது என்பார். தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலக மேலாளர். ஆபீஸில் அவருக்குக் கெட்ட பெயர் கிடையாது, ஏனென்றால் யாரையும் அதட்டக்கூடப் பயம்.

இத்தனை பயங்களுக்கும் அடியில் ஒரு பெரிய பயம் இருந்தது. அதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே காது சுத்தமாகப் போய்விட்டது. மனிதர் சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். பட்டறைச் சத்தத்தில் போன காது மகனுக்கு வராது என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? அத்தானுக்கு அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

பாட்டுக் கேட்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த சுகம். நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். புதிதாக வாங்குவது நமக்கெல்லாம் எட்டாத விஷயம். ஆகவே பழைய சாமான் விற்கும் இணையதளங்களைப் பார்த்துப் பார்த்து, "இது திருட்டு மாலா இருக்கும்", "இவன் மூஞ்சியே சரியில்ல" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார். கடைசியில் சரஸ்வதிபுரத்தில் ஜகதீசன் என்ற பெரியவர் ஒரு ஜோடி விற்பதாகத் தெரிந்தது. ரயில்வே இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகள் அனகாவின் ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார், அங்கே இடமில்லை.

"காது இருக்கும்போதே கேட்டுடணும் ரெஜி. நீயும் வா, நாலு கேள்வி கேளு, எனக்கு வாய் வராது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

இங்கிலாந்தில் செய்த ஸ்பீக்கர்கள். என் நெஞ்சு உயரத்துக்கு, தேக்கு நிறத்தில், இரண்டும் அலமாரி போல நின்றன. ஜகதீசன் ஒரு பெண் பாடும் இசைத்தட்டைப் போட்டார். நான் பாட்டைக் கேட்கவில்லை, அத்தானைத்தான் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு முறை வயலின் முடிந்ததும் ஜால்ரா மெல்லத் தட்டும் இடத்தில், "ரெண்டு பக்கமும் தனித்தனியா கேக்குது, பாத்தியா?" என்று குழந்தை போலக் கையை நீட்டிக் காட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் காதுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

சரக்கு ஆட்டோ பேசி ஏற்றிக்கொண்டு வந்தோம். மண்டி மொஹல்லா சந்து ஒன்றில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதும், "போச்சு! போச்சு!" என்று அத்தான் தலையில் கைவைத்தார். வீட்டில் இறக்கி வைத்து அன்று மாலையே கேட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் அவரிடமிருந்து போன்.

"ரெஜி, லெஃப்ட்ல இருக்கிறது மங்கிப்போச்சு. ஜால்ரா சத்தமே வரல. அந்தப் பள்ளம்தான். இல்லன்னா அந்த மனுஷன் முன்னாடியே கெட்டுப்போனதைத் தலையில கட்டிட்டாரு."

போய்ப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார். அப்போதும் இடப்பக்கம்தான் மங்கல். அதனால் ஆம்ப்ளிஃபயர் குற்றமில்லை, ஸ்பீக்கரில் மேலே இருக்கும் சின்ன வட்டம், கீச்சுக் குரலுக்கான ட்வீட்டர், அதுதான் போய்விட்டது என்பது அவர் முடிவு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. சொன்னேன்.

"உனக்கென்ன காது தெரியும்? நீ கல்யாண வீட்டு மைக் செட் கேக்கிறவன்" என்றார்.

அக்காவும் கேட்டுவிட்டு, "எனக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்கும் அதே பதில், கொஞ்சம் மரியாதையாக.

"அப்போ ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாத்துடலாமே அத்தான்? ஒரு நிமிஷ வேலை" என்று நான் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்தேன்.

"தொடாதே!" என்று கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. பிறகு தரையில் கீறல் விழும், ஸ்பீக்கரின் கூரான கால் உடையும் என்று என்னென்னவோ சொன்னார். முகம் வெளுத்திருந்தது. தரைக்காக யாரும் அப்படி வெளுக்க மாட்டார்கள் என்று எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் அத்தானின் நூறு பயங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பாட்டே கேட்கவில்லை, சோதனை மட்டும் செய்தார். புது ஒயர் வாங்கினார். தேவராஜ மொஹல்லாவில் யாரோ சொன்னார்கள் என்று ஒயருக்குப் பித்தளை முனை வாங்கிப் போட்டார். எதிரொலி அடங்கட்டும் என்று ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டார். சாப்பிடும்போது இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்பினார். "சளி புடிச்சிருக்கு, காது கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். அக்கா டாக்டரிடம் போகச் சொன்னால், முதலில் ஸ்பீக்கரைச் சரிபண்ணிவிட்டுப் போகிறேன் என்று நாளைக் கடத்தினார். இப்படியே வாரங்கள் போயின.

அக்காதான் ஜகதீசனுக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நாங்கள் திரும்பிய மத்தியானமே வந்து நின்றார்.

"பழுதுன்னா நான் திருப்பி எடுத்துக்கறேன் வால்டர். பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க. ஆனா ஒரு தடவை கேட்டுடறேன்" என்றார்.

கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். இரண்டின் பக்கத்திலும் குனிந்து நின்று கேட்டார்.

"எனக்கு வித்தியாசம் தெரியலையே. சரி, எங்க சிநேகிதக்காரங்க கூட்டத்துல ஒரு சட்டம் உண்டு. சந்தேகம்னு வந்தா கேக்கிறவர் முதுகைக் காட்டிட்டுச் சுவரைப் பாத்து உக்காரணும். கண்ணு பாத்துட்டு இருந்தா காது பொய் சொல்லும். நான் ஒரு நேரத்துல ஒரு பெட்டியை மட்டும் பாட வைக்கிறேன். எது மங்கலோ அந்தப் பக்கம் கையைத் தூக்குங்க."

அத்தான் உற்சாகமாகிவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஜகதீசன் ஆம்ப்ளிஃபயர் குமிழை ஒரு பக்கம் திருகினார். பாட்டு வந்தது. அத்தான் அசையவில்லை. "இது நல்லா இருக்கு" என்றார். குமிழ் மறுபக்கம் போனது.

அத்தானின் இடது கை விருட்டென்று மேலே எழுந்தது.

"இது! இதுதான்! இப்போ உங்களுக்கே தெரியுதா சார்?"

பாடிக்கொண்டிருந்தது அவர் வாரக்கணக்கில் நல்லது, நல்லது என்று சொன்ன வலப்பக்க ஸ்பீக்கர். அவர் திரும்பி உட்கார்ந்ததும் அது அவருடைய இடது காதுப் பக்கம் வந்துவிட்டது. ஜகதீசனின் விரல் குமிழின் மேலேயே நின்றது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"என்ன, ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று அத்தான் சிரித்துக்கொண்டே திரும்பினார். எந்தப் பெட்டி பாடுகிறது என்று பார்த்தார். தூக்கிய இடது கையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது, அதை எடுத்துவிட அவருக்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல அந்தக் கையை இறக்கி இடது காதைப் பொத்தினார். எடுத்தார். திரும்பப் பொத்தினார். பொத்தினாலும் எடுத்தாலும் ஒன்றுதான் என்பதை அவர் கண்டுபிடிக்கும்வரை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் காலையில் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிலருக்கு ஒரு காது இப்படித் திடீரென்று போகும், அப்பாவுடைய காதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். எப்போதிலிருந்து என்று கேட்டார். அத்தான் உண்மையைச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடனே வந்திருந்தா நல்ல சான்ஸ் இருந்திருக்கும். இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? மாத்திரை கொடுத்தார்கள், காதுக்குள் ஊசி போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை அத்தான் தலையணையில் வலது காதை வைத்துப் படுக்கக்கூடப் பயந்தார், அதுவும் போய்விடுமோ என்று.

சோதனை நாளும் வந்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வெளியே மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண் ஜோவிதா, எங்கள் சபைக்காரி. அக்காவும் நானும் அவள் பின்னால் நின்றோம். வலது காது முடிந்தது, குறையொன்றும் இல்லை. இனி இடது காது என்று சைகை காட்டினாள்.

அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி, மறுபடி. உதடு ஜெபம் போல அசைந்தது.

"கேக்குதும்மா! கேக்குது பாரு!" என்று அக்கா அழுதுகொண்டே ஜோவிதாவின் தோளைப் பிடித்தாள்.

ஜோவிதா திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நான் இன்னும் சவுண்டே குடுக்கல" என்றாள்.

உள்ளே அத்தான் அழுத்த அழுத்த, மெஷினில் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அத்தான் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"எல்லாத்துக்கும் அமுக்கிட்டேன் ஜேன். ஒன்னைக்கூட விடல."

அக்கா அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று அந்தக் காதில் சொன்னாள்.