திருஷ்டிப் பூசணிக்கு முதல் பரிசு

எங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்கு அடையாள அட்டை நீலப் பட்டையில் தொங்கும். என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள். மூன்று வருடமாக அந்த மஞ்சளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஓடைப்பட்டிக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் ஸ்கூட்டியில் அலைந்து, திராட்சை விவசாயிகளின் போனில் எங்கள் செயலியை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இலையைப் படம் பிடித்தால் என்ன நோய், என்ன மருந்து என்று அது சொல்லும். சில நேரம் சரியாகவும் சொல்லும். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. எனக்கு நீலப் பட்டை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கனவில்கூட அந்த நீலம் வந்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து மேனேஜர் ஒரு போட்டியை அறிவித்தார். விவசாயிகள் தங்கள் தோட்டத்திலேயே அழகான குலையைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். மனிதக் கை படாமல் கணினியே பார்த்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும். முதல் பரிசு, மருந்து அடிக்கிற ட்ரோன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஐந்நூறு படம் வந்தால் என் வேலை நிரந்தரம், வராவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது என்று வீடியோ மீட்டிங்கில் சொல்லிவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். நான் செய்த கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் காய்த்துத் தொங்குகிற நல்ல குலையை யாரும் படம் எடுக்க மாட்டார்கள், எடுக்க விடவும் மாட்டார்கள். ரோட்டோரத் தோட்டமென்றால் பழைய சேலையை வேலியில் கட்டி மறைப்பார்கள். பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு விரல் நீட்டிக் குலையை எண்ணக் கூடாது. காய்ப்பு எப்படி என்று யாராவது கேட்டால், பந்தல் தாங்காத அளவுக்குக் காய்த்திருந்தாலும், "ஏதோ கெடக்கு" என்பதுதான் பதில். கண் பட்டுவிடும் என்கிற பயம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். மேனேஜரிடம் சொன்னால் போட்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார், என் நீலப் பட்டையும் கூடவே போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதல் வாரம் ஒரே ஒரு படம் வந்தது. அதிலும் கட்டைவிரல்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் என் சொந்த அண்ணனிடம் போனேன். காமயகவுண்டன்பட்டியில் அவருக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. அறுப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. குலையெல்லாம் கறுத்துத் தளதளவென்று தொங்கின. போனை எடுத்ததுமே அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"ஏத்தா, நாம நல்லாருக்கது ஒனக்குப் பிடிக்கலையா?"

"வேலை போயிரும்ணே. ஏதாச்சும் ஒரு குலை."

கொஞ்சம் யோசித்தார். "அப்பன்னா அங்கன மூலையில செவட்டை விழுந்து ஒண்ணு கெடக்கு. அதை எடுத்துக்க."

நோயில் சுருங்கி, உலர்ந்த மிளகு மாதிரி ஆகிப்போன குலை. பக்கத்தில், தோட்டத்தின் மேல் விழுகிற கண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ள, மீசையும் நாக்கும் வரைந்த ஒரு வெள்ளைப் பூசணி தொங்கியது. இரண்டும் சேர்ந்தே படத்தில் விழுந்தன. எனக்கு எண்ணிக்கைதானே முக்கியம்? அன்று சாயங்காலமே விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "எந்தக் குலையாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தைய பெருமழையில் திராட்சை அழிந்தபோது அதிகாரிகள் வந்து, அழுகின குலையோடு விவசாயியையும் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போனார்கள். நிவாரணமும் வந்தது. அதனால் போனில் குலைப் படம் கேட்டால் அது நிவாரணம்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. யார் தோட்டம் அதிகமாகக் கெட்டதோ அவருக்கு ட்ரோன். நாலே நாளில் எழுநூறு படம் குவிந்தது. வெடித்த குலை, பூசணம் பிடித்த குலை, அணில் கடித்த குலை. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் சோகமாக ஒருவர், கையில் பட்டா நகல். ஒரு வீட்டில் குடும்பமே வரிசையாக நின்று கேமராவைப் பார்த்துக் கும்பிட்டது. தன் தோட்டத்தில் கெட்ட குலை கிடைக்காமல் பக்கத்துத் தோட்டத்தில் கடன் கேட்டு வாங்கி எடுத்தவரும் உண்டு.

எழுநூறு என்ற எண்ணைப் பார்த்து மேனேஜர் போனிலேயே சந்தோஷத்தில் கத்தினார். படங்களை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது கணினியின் வேலை. அது பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தது. ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் அதைக் கேள்வி கேட்காமல் அடித்தார். கம்பத்துக்குள் நுழைகிற ரோட்டில், குமுளியிலிருந்து இறங்கி வருகிற வியாபாரிகளெல்லாம் பார்க்கிற இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் ஆலோசனையில் விளைந்தவை'. கீழே பதினோரு அழுகல் குலைகள். நடுவில், முதல் பரிசு என்ற மகுடத்தோடு, அண்ணன் தோட்டத்துப் பூசணி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. நோயில்லாத, மிகப் பெரிய, மிக உருண்டையான பழம் என்று கணினி அதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தது.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுபோனது. வருடாவருடம் அண்ணனிடம் பழம் எடுக்கிற குமுளி வியாபாரி போனில் வந்தார். "எந்தா சேச்சி, அங்கே முழுவனும் கேடாயோ?" எல்லாமே கெட்டுப்போச்சா என்று மலையாளத்தில் பதறினார். அடுத்த அரைமணியில் ஊரே என்னைக் கூப்பிட்டது. அழுகலை அனுப்பியவர்களே, அழுகலை ஏன் ரோட்டில் மாட்டினாய் என்று வைதார்கள். நிவாரணம் எப்போது வரும் என்று கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் காரில் வந்து இறங்கினார், டிக்கியில் ட்ரோன் பெட்டியோடு. முதல் பரிசு பெற்ற தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றார். அண்ணனின் பந்தலுக்குக் கீழே குனிந்து போனவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் கறுப்புக் குலைகள்.

"இதை ஏன் அனுப்பலை?"

"கண்ணு பட்டுரும் சார்," என்றார் அண்ணன், குழந்தைக்குச் சொல்வது போல.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் டவுட் இருக்கான்னு கேட்டேனே!"

"எனக்கு அதுல டவுட்டே இல்லை சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். நிரந்தர உத்தரவு தயாராக இருந்ததாம், இப்போது மேலிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பலகையை இன்றே மாற்ற வேண்டும். இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு நல்ல குலைப் படம் செயலியில் ஏறி, கணினி அதை ஒப்புக்கொண்டால், அதைக் காட்டி என் உத்தரவை வாங்கித் தருவாராம். நேரடியாகப் படம் எடுத்து மாட்டினால் என்ன என்று கேட்டேன். சிஸ்டம் ஒப்புக்கொள்ளாததை ஃபிளெக்ஸில் போட அவருக்கே அதிகாரமில்லை என்றார்.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

"இதுனால இவ வேலை நிக்குமா சார்?" என்றார் அண்ணன்.

"நிக்கும்."

அண்ணன் போய் நடுப்பந்தலில், இலைகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு குலையை விலக்கிக் காட்டினார். அதை அண்ணி கண்ணுக்குக்கூடக் காட்டியிருக்க மாட்டார். பிறகு கையை நீட்டி, "பையில மை வச்சிருக்கேல்ல, குடு," என்றார். என் கண்மையை விரலில் தொட்டு, தொட்டில் பிள்ளைக்கு வைப்பது போல, குலையின் கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்தார். பழமே கறுப்பு, அதில் மை தெரியவா போகிறது என்று நினைத்தேன். வெயிலில் தார் மாதிரி பளபளத்தது. துடைக்கச் சொல்ல மேனேஜர் வாயெடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

படம் ஏறியது. மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்று, சிவப்பு எழுத்து வந்தது. 'கரும்புள்ளி நோய், கடும் தாக்குதல். குலையை உடனே அகற்றி எரிக்கவும். படம் நிராகரிக்கப்பட்டது.'

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். ட்ரோன் பெட்டி திறக்கப்படாமலேயே ஊர் திரும்பியது. மாதக் கடைசியில் பெங்களூருக்குப் போய் மஞ்சள் பட்டையையும் கழற்றிக் கொடுத்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

ஆனால் அந்தக் காலையில், பந்தலுக்குக் கீழே, அண்ணன் இன்னும் குலையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி போடாததால் அவருக்கு எழுத்து தெரியவில்லை.

"என்னத்தா சொல்லுது அது?"

"ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லுதுண்ணே."

அண்ணன் சட்டென்று இலைகளை இழுத்துக் குலையை மூடினார்.

"சத்தமாச் சொல்லாத," என்றார்.