ஆதாரம் அக்கா

ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு 'ஆதாரம் அக்கா' என்ற பெயர் வந்தது பஜனைக் கூட்டத்தில்தான். எதைச் சொன்னாலும், "நானா சொல்லலை, சாஸ்திரத்துல ஆதாரம் இருக்கு" என்பாள். புராணங்களைக் கரைத்துக் குடித்தவள். புலால், மது, சூது, தகாத உறவு இந்த நான்கையும் பக்தன் ஏன் தொடக்கூடாது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். தர்மத்துக்கு நான்கு கால்; புலால் தயையை ஒடிக்கும், மது தவத்தை ஒடிக்கும், சூது சத்தியத்தை, தகாத உறவு தூய்மையை என்று சுலோகத்தோடு அடுக்குவாள். சொன்னபடி நடக்கவும் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. காபியைக்கூட விட்டுவிட்டாள். விட்டதை எல்லோரிடமும் சொல்லவும் தவறவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. வெல்டர். கையில் தொழில் சுத்தம், குடிதான் கெடுத்தது. அவனைத் திருத்த அக்கா படாத பாடு பட்டாள். போன மழைக்காலத்தில் ஒருவழியாக நிறுத்தினான். அவன் மனைவி முகத்தில் மறுபடி சிரிப்பைப் பார்க்க முடிந்தது. கூட்டத்தார் முன்னிலையில் நான்கு விரதங்களையும் ஏற்று, அக்கா கையால் ஜபமாலை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த நாளாகப் பார்த்துச் சலவைக்கூடத்தில் கறை எடுக்கிறவர் லீவு. அவர் வேலையும் அக்கா தலையில் விழுந்தது. முடித்ததும் கைக்கு வந்ததையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

தம்பி குளித்து, தலை வாரி, பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றான். விரதம் சொல்லி முடித்து அக்கா முன் குனிந்தான். அவள் பையைத் திறந்து மாலையை எடுத்தாள். குப்பென்று சாராய வாடை.

"குடிச்சிருக்கியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"பொய் வேறயா? சத்தியத்தையும் சேத்து ஒடிக்கிறியா?"

"அண்ணி, காலையிலேர்ந்து என் கூடவேதான் இருந்தாரு" என்றாள் தம்பி மனைவி.

"நீ வக்காலத்து வாங்காத."

அத்தோடு விட்டாளா? குடிகாரனுக்கு என்ன கதி என்று அத்தனை பேர் முன்னால் சுலோகம் சொல்லி, அர்த்தமும் சொன்னாள். தம்பி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஜபமாலை மறுபடி பைக்குள் போனது. சொந்தத் தம்பி என்றும் பார்க்கவில்லையே என்று கூட்டத்தார் மெச்சினார்கள். அக்காவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, மாலையைச் சாமி படத்தடியில் வைக்கப் பையைத் திறந்தாள். அதே வாடை. அடியில், மைக்கறை துடைத்த துணி ஸ்பிரிட் ஈரம் காயாமல் சுருண்டு கிடந்தது.

அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது. சாமி படத்தை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. சொல்லால் சுடுவதும் ஹிம்சைதான் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அது அவளுக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிடப் பெரிய பயம், அவமானத்தில் அவன் இந்நேரம் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறானோ என்பது. துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நல்லவேளை, தம்பி வீட்டில்தான் இருந்தான். அவள் துணியை நீட்டினாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. வாடை என் பையிலேர்ந்து வந்திருக்கு. எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

அவன் துணியை முகர்ந்து பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவன் பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

"அப்பாடா! நான் குடிக்கலேன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீ ஆதாரம் இல்லாம சொல்லமாட்டியே! அதான் வந்ததுலேர்ந்து கையில வாயை ஊதி ஊதி மோந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."